முகக்கவசத்துக்குள் சொல்லப்பட்டவை

எங்கள் ஊர் மண்ணரையில், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே வாழ்ந்த எல்லோருக்கும் காது சற்று மந்தம்தான். எங்கள் தொழிலில் அதை யாரும் நோயாகக் கருதுவதில்லை. அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவன் நான். எழுபது வயதுக்குப் பிறகு அந்தப் பழக்கமே என் மானத்தைக் காத்துவந்தது. கூட்டங்களில் பேசுகிறவருக்கு நேரெதிரே அமர்ந்துகொள்வேன். எனக்குக் கேட்பதில்லை என்பது என் மனைவியைத் தவிர எவருக்கும் தெரியாது.

அவள் வற்புறுத்தியதால் காது மருத்துவரிடம் சென்றேன். மெஷின் சத்தமே காரணம் என்று நானே தீர்ப்பும் சொன்னேன். அவர் என் வீங்கிய கணுக்கால்களைப் பார்த்தார். முதுமையில் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் காது மந்தமாவதும் கூடுதலாகக் காணப்படுகிறது, ஒன்றால்தான் மற்றது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எதற்கும் இரத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்றார். பார்த்ததில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு எல்லை மீறியிருந்தது. சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே மனைவியை வெளியே அமர்த்திவிட்டுத் தனியாக உள்ளே போனேன். அந்தக் காலத்திலேயே கல்லூரிப் பட்டம் பெற்றவனுக்குத் துணை எதற்கு?

அந்த மருத்துவர் முகக்கவசம் அணிந்திருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. நெடுநேரம் பேசினார்; இடையே விரலை உயர்த்தி எச்சரித்தார். கவசத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்க எனக்கு நா எழவில்லை. அனைத்துக்கும் தலையசைத்தேன். அவர் தந்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

"ஏனுங்க, என்ன சொன்னாருங்க?" வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மாத்திரை போட்டாப் போதும்."

"அதுக்கா இத்தனை நேரம்? உள்ள ரெண்டு பேரும் சம்பந்தம் பேசீட்டிருந்தீங்களாக்கும்!"

திரும்பிச் சென்று கேட்கலாம்தான். அப்படியானால் முதலில் தலையசைத்தது எதற்கு என்று அவர் கேட்பார்.

வீட்டில் அடுப்பருகே நின்று அவள் மீண்டும் தொடங்கினாள். "டயாலிசிஸ் பண்ணோணும்னாருங்களா? மூட்டுவலி மாத்திரை போடலாமுங்களா? சரி, அதெல்லாம் வேண்டாம். ரசத்துக்கு உப்பு எவ்வளவு போடறது, அதையாச்சும் சொல்லுங்க."

அவளுடைய உதடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு சொல்லும் தப்பவில்லை. என் உடம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அந்த மருத்துவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"எப்பவும்போலப் போடு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தபடியே உப்பு ஜாடியைத் திறந்தாள். பிறகு உப்பைப் போட்டாள்.