மேற்குச் சுவரில் விழுந்த குழிகள்

2006 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஐந்தேகாலுக்குப் பால் வந்தது. இரவு மழை பெய்து வாசல் சேறாகக் கிடந்ததால் கோலம் போடவில்லை. ஐந்தரைக்குப் பென்சிலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கூடத்தின் மேற்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். புதிதாக நான்கு குழிகள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். மொத்தம் 117.

அன்றைய டைரி இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஐந்து வாரமாக என் காலை வேலைகளில் சுவர் பார்ப்பதும் ஒன்றாகியிருந்தது.

காக்களூர் பக்கம் நாங்கள் கட்டிய வீடு அது. ஜூனில் குடிவந்தோம். அக்டோபரில் மழை பிடித்ததும் கூடத்துச் சுவரில் பூச்சு பொரிந்து விழ ஆரம்பித்தது. எட்டணா அளவுக்கு ஒரு குழி, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. மற்ற மூன்று சுவர்களில் அங்கொன்று இங்கொன்றுதான். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எதையோ எறிகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி வைத்தேன். குழிகள் நிற்கவில்லை. யாரோ ஆணியால் குத்துகிறார்களோ என்று ஒரு ராத்திரி தரையில் கோலமாவைத் தூவி வைத்தேன். காலையில் காலடி எதுவும் இல்லை. மாவின் மேல் சுவர்த்தூள்தான் உதிர்ந்து கிடந்தது. அதன் பிறகு என் சந்தேகம் முழுவதும் வீட்டைக் கட்டிய மேஸ்திரி மேல் போயிற்று.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ரோலிங் மில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வருவார். அதனால் வீட்டை நான்தான் நின்று கட்டினேன். பெண் நின்று கட்டுகிற வீட்டில் மேஸ்திரி கை வைக்காமல் இருக்கமாட்டார் என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொரு சிமெண்டு மூட்டையையும் எண்ணிக் கொடுத்தேன். சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணித் திரும்ப வாங்கினேன். ஒரு நாள்கூட எண்ணிக்கை குறையவில்லை. பின்னால் யோசித்தபோது அதுவே எனக்கு உறுத்தியது. காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பத்து வருடமாக ஸ்டோர்ஸ் பார்ப்பவள் நான். இருப்புக் கணக்கு ஒருமுறைகூட இடிக்கவில்லை என்றால் யாரோ உட்கார்ந்து சரிக்கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

திருவாலங்காட்டில் இருக்கும் என் கொழுந்தனார் தை மாதம் வீடு தொடங்குவதாக இருந்தார். எங்கள் மேஸ்திரிக்கே வேலையைக் கொடுப்பதாகப் பேச்சு. தீபாவளிக்கு வந்தவரிடம் சுவரைக் காட்டி, இவர் சிமெண்டைக் குறைத்துவிட்டார், இவரை வைத்துக் கட்டாதீர்கள் என்று சொன்னேன். அவர் பொதட்டூர்பேட்டையிலிருந்து வேறொரு மேஸ்திரியைப் பார்த்தார். அவருடன் வெற்றிலை பாக்கு மாற்றி வேலையை உறுதி செய்ய இருந்தது இந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு.

ஞாயிறு பதினோரு மணிக்கு மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதுக்காரர், சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

"இன்னாமா, நான் சிமெண்டத் துன்னுட்டேன்னு சொன்னீங்களாமே."

சுவரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். உள்ளே வந்தார். என் வட்டங்களையும் தேதிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"காலண்டரே போட்டு வெச்சிக்கிறீங்க," என்றார். "காலி சாக்கக்கூட எண்ணி வாங்கினீங்களேம்மா. அப்பறம் நான் எங்கேருந்து துன்றது?"

பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து ஒரு குழியைத் தோண்டினார். வெள்ளைத் தூள் கொட்டியது. அதை விரலில் தேய்த்து என்னிடம் நீட்டினார். சுண்ணாம்பு. பூச்சில் சுண்ணாம்பே சேர்க்கவில்லை, இது செங்கல்லுக்குள்ளிருந்து வருகிறது, ஈரம் பட்டதும் உப்பிப் பூச்சைத் தள்ளுகிறது என்றார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணியோடு சேர்த்துத் தூளையும் கொண்டுவந்திருக்கலாம் அல்லவா?

"இந்தச் சுவத்துல வெச்சது நீங்க வைக்கச் சொன்ன கல்லு. தண்ணில ஊறப்போட்டப்ப பொரிஞ்ச கல்லயெல்லாம் ஒதுக்கி கேட்டாண்ட அடுக்கினேன். என் ஊட்டுக்கு எத்தும்போவத்தான் அடுக்கறேன்னு நெனச்சிக்கினு அத்தையும் வெச்சிக் கட்டச் சொன்னீங்க. அன்னிக்கே புக்குல எழுதினீங்களே, எடுத்துப் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, திருவாலங்காட்டு வேலை கைவிட்டுப் போனால் தை மாதம் தன்னிடம் இருக்கும் எட்டு ஆட்களுக்கும் வேலை இல்லை என்றார். கெஞ்சுவது போலச் சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். அவர் தொட்ட குழியை நான் தொடவில்லை. இன்னும் வெடிக்காமல் லேசாகப் புடைத்திருந்த ஓர் இடத்தைத் தேடி, காய் நறுக்கும் கத்தியால் பூச்சைப் பெயர்த்தேன். கல்லில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு சில்லு இருந்தது. நெம்பி எடுத்தேன். சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் விசிறி மாதிரி வரிவரியாக இருந்தது.

கிளிஞ்சல்.

உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லச் சுட்டது. வரிகள் என் கண் முன்னாலேயே பிளந்து மாவாயின.

திருவாலங்காட்டுப் பக்கத்துச் சூளையில் எங்கள் வீட்டுக்கென்று அறுத்த செங்கல்லுக்குள் கடல் கிளிஞ்சல் எப்படி வரும்? இந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பீரோவைத் திறந்து பழைய டைரிகளை எடுத்தேன்.

2004 ஜூலை. என் பங்காக வந்த ஐம்பது சென்ட் நிலத்தில் வேர்க்கடலை பருப்பில்லாமல் பொக்காகவே காய்த்தது. மண்ணைப் பரிசோதித்துப் புளிப்பு அதிகம், சுண்ணாம்பு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. வேண்டாம் என்றேன். தூளில் சாம்பலைக் கலந்தால் யாருக்குத் தெரியும்? பழவேற்காட்டிலிருந்து கோழித் தீவனத்துக்குக் கிளிஞ்சல் அனுப்பும் ஒரு பாயிடம் இடித்த கிளிஞ்சல் பன்னிரண்டு மூட்டை வாங்கினேன். நிலத்துக்கென்றால் இன்னும் பொடியாக இடித்துத் தருகிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்று அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: 'பொடித்தால் கலப்படம் தெரியாது. அப்படியே கொடுங்கள் என்றேன்.'

2005 ஏப்ரல். அடுத்த கடலையும் பொக்கு. மண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர்மேல் சந்தேகம். மேல்மண்ணைச் சூளைக்கு எடுத்துக்கொள்ளக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை: என் வீட்டுக்கான கல்லை என் நிலத்து மண்ணிலேயே அறுக்க வேண்டும், வேறு மண் கலக்கக் கூடாது. மண் குழைத்த இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றிருக்கிறேன்.

2006 மார்ச். 'கேட் அருகே 312 கல் தனியாக அடுக்கியிருக்கிறது. கேட்டால் பொரிந்த கல் என்கிறார். மேற்குச் சுவரில் வைத்துக் கட்டச் சொன்னேன்.'

என் கையெழுத்துதான். ஒரு அடித்தல்கூட இல்லை.

பொடிக்காததால் மண்ணில் கரையாமல் கிடந்த கிளிஞ்சல் சூளை நெருப்பில் வெந்து நீறாத சுண்ணாம்பாகிக் கல்லுக்குள் காத்திருந்திருக்கிறது. மழை ஈரம் பட்டதும் நீறியிருக்கிறது. மேஸ்திரி சொன்னது அவ்வளவும் சரி.

மதியம் கணவர் தூங்கி எழுந்து வந்தார். சனிக்கிழமைதோறும் "எத்தினி ஆச்சு?" என்று கேட்டபடியே வீட்டுக்குள் வருகிறவர். மூன்று டைரிகளும் தரையில் விரித்துக் கிடப்பதைப் பார்த்து உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். காப்பி ஆறிப்போயிற்று.

"ஒரு வழியா ஆளப் புட்ச்சிட்ட," என்றார்.

தம்பிக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். நான் தடுத்தேன். காலையில் மேஸ்திரி வந்துபோனதைத் தெருவே பார்த்திருக்கிறது. சாயங்காலம் போனில் பேச்சை மாற்றினால், அந்த ஆள் வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் கொழுந்தனார் நினைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். நேரில் காட்ட வேண்டும்.

கணவர் சிரித்தார். "அப்ப இன்னொரு கிளிஞ்சலத் தேடு. சாட்சியத்தான் கரைச்சிட்டியே."

விளக்குப் போடும் நேரம்வரை சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து மேலும் மூன்றைப் பெயர்த்தேன். இரண்டில் வரிகள் தெளிவாக இருந்தன. ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். அப்படிச் செய்யும்போதும், இதை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் ஒருமுறை வந்து போயிற்று. அதையும் டைரியில் எழுதினேன்.

நவம்பர் 20, திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. முதல் வேலையாக, சிமிழையும் மூன்று டைரிகளையும் பையில் எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரி வீட்டுக் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு திறந்தவர் என் பையைத்தான் முதலில் பார்த்தார். சிமிழைத் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வரிகளை நகத்தால் தடவினார். திருவாலங்காட்டுக்கு ஆறு மணி வண்டியில் என்னோடு வர முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்குமா?" என்றார், கதவை முழுதாகத் திறக்காமல்.

312 கல் என்று நான் எழுதிய மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.