விளக்குப் பிடிக்கிறவளின் நோட்டு

மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் விழுந்துவிட்டால் அவள் புருஷன் இடது காது மடலை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொள்வார். பதினாறு வருஷமாக அவள் இதைப் பார்த்து வருகிறாள். படம் சுமாராக இருந்தால் கை காதுக்குப் போகாது. அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். மகள் பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதும் அந்தக் கை காதுக்குத்தான் போயிற்று. ஆனால் அவருக்கே இது தெரியாது.

அவர் கல்யாணப் போட்டோகிராபர். கூடப் போய் விளக்குப் பிடிக்கிறவள் அவள். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போனவள். நாலு பேர் எதிரே வாயைத் திற என்றால் அவள் யார் முதுகுக்காவது பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆனால் விளக்குக்குப் பின்னால் நின்றுவிட்டால் அவளை யாரும் பார்ப்பதில்லை. வெளிச்சம் எதிரே நிற்பவர்கள் கண்ணைக் கூசச் செய்யும். அவளோ ஆசை தீர எல்லோரையும் பார்ப்பாள். பெண்ணின் அத்தை யாரோடு பேசாமல் இருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு எந்தக் காலில் கடிக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு வேலை வேறு எங்கே கிடைக்கும்?

தொல்லை எல்லாம் கல்யாணம் முடிந்த பிறகுதான். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பார். மூவாயிரத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒன்றைத் தள்ளிவிட்டு, பாவம் என்று திரும்ப எடுத்து வைப்பார். பொறுக்கி முடிக்கவே ஒரு மாதம். ஆல்பம் வர ஐந்து மாதம், எட்டு மாதம். எப்போது கேட்டாலும் "நாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஒருமுறை கல்யாண ஆல்பம் வாங்க வந்த ஜோடி இடுப்பில் குழந்தையோடு வந்தது. அந்தக் குழந்தை ஆல்பத்தில் இருந்த தன் அம்மாவைக் காட்டி "ஆண்ட்டி" என்றது.

வந்த வேலை ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் போக ஆரம்பித்தது. டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, பேசாம என் கடைக்கு வந்துடுங்க. டைல்ஸ் சிரிக்காது, கண்ண மூடாது, எப்போ ஆல்பம்னு கேக்காது."

கடைசியாக ஒரு கல்யாணத்தையும் அண்ணனே பிடித்துக் கொடுத்தார். கல்யாணமான பன்னிரண்டாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு கிளம்புகிறார்கள். அதற்குள் ஆல்பம் பெண் கையில் போய்ச் சேர்ந்தால் அண்ணன் அதன் பிறகு வாயைத் திறப்பதில்லை. சேராவிட்டால் ஒன்றாம் தேதி தங்கச்சி புருஷன் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும். இதுதான் பேச்சு. புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி மச்சான்" என்றார்.

எல்லாவற்றையும் அவள் கதவோரம் நின்று கேட்டாள். அவர் டைல்ஸ் விற்கப் போனால் அவள் விளக்குக்குப் பின்னால் நிற்பது எப்படி? திரும்பவும் வீடு, அடுப்பு, ஜன்னல்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று ஒரு கையில் விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்த நோட்டு, மறு கையில் பேனா. அவர் காது மடலை இழுக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியையும் கூட ஒரு சொல்லையும் எழுதினாள். "11.20 அப்பா, கண்ணாடி." "11.42 பெண் சிரிப்பு." சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்திரண்டு. எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேமராவே பதிந்து வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் நோட்டைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது இது?"

"நீங்க காத இழுத்த நேரங்க."

"நானா? நான் எப்போ காத இழுத்தேன்?"

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஷூ மாட்டியபடியே, "எனக்கே தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவர் நம்பாமல்தான் 11.20-ஐத் திறந்தார். மேஜைக்கு அடியில் எதையோ தேடும் ஒருவரின் முதுகு. 11.42-ஐத் திறந்தார். ஒரு பெரியவர் தொண்டை தெரியக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். 12.05-இல் காலி நாற்காலி.

"இந்தக் கொட்டாவிக்கா நான் காத இழுத்தேன்?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நோட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். நிமிர்ந்தால் எதிரே சுவர்க் கடிகாரம்.

மகள் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அந்தக் கடிகாரத்தை ஏழு நிமிஷம் கூட்டி வைத்தவளே அவள்தான். கல்யாணத்தன்று காலை அவசரத்தில் அதைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தில் மணியைத் திருத்தி வைத்திருந்தாள்.

ஈரக் கையோடு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குரலில் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

"என் வாட்ச் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட், கழிச்சுப் பாருங்க!"

11.13. பெண்ணின் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல என்று அறிந்த முகத்தோடு பெண் அவரையே பார்க்கிறாள். போட்டோகிராபரின் கை மெல்ல மேலே போய் இடது காது மடலைப் பிடித்தது. அவள் அந்தக் கையைச் சுட்டிக்காட்டினாள். யாரோ தெரியாதவரின் கையைப் பார்ப்பது போல அவர் தன் கையைப் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆல்பத்துக்கு வேண்டிய படம் முழுக்கப் பொறுக்கியாகிவிட்டது.

பிறகு நிறம். கல்யாண ஹாலுக்குள் எடுத்த படங்களில் விளக்குக்கு எல்லோரும் மஞ்சளாக இருந்தார்கள். முதல் படத்தில் மஞ்சளைக் குறைத்தார். இரண்டாவதைத் திறந்து அதே மஞ்சளைத் திரும்பவும் முதலிலிருந்து குறைக்க ஆரம்பித்தார். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சட்டைக் கம்பெனியில ஒரே துணின்னா இருபது மடிப்பு அடுக்கி ஒரே வெட்டா வெட்டுவாங்க. இதுவும் ஒரே ஹால், ஒரே விளக்குதானே. ஒண்ணுல செஞ்சத மத்ததுக்கும் போட முடியாதா?"

"முகம் துணி இல்லம்மா," என்றார். கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அப்புறம், இவள் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் போட்டுப் பார்த்தார். அவள் டீ போட்டு எடுத்து வருவதற்குள் அந்த ஹாலில் எடுத்த அறுபது படமும் மஞ்சள் நீங்கி நின்றன.

டம்ளரை வாங்கிக்கொண்டு படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இந்த வசதி இவ்வளவு நாளா கம்ப்யூட்டருக்குள்ளயேதான் இருந்திருக்கு. நாந்தான் தொடல." அதற்குப் பிறகு முகங்களை மட்டும் தனித்தனியாகத் தொட்டார். அதில் அவர் அவசரப்படவில்லை; அவளும் அவசரப்படுத்தவில்லை.

அச்சாகி வந்து, கல்யாணமான ஒன்பதாம் நாளே ஆல்பம் பெண் வீட்டுக்குப் போயிற்று. பெண்ணின் அப்பா நின்றுகொண்டே புரட்டியவர், கண்ணாடிப் படம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பெண் வந்து அவர் தோள் மேல் கை வைத்தாள். ஆல்பம் வருகிறதா என்று பார்க்கவே வந்திருந்த அண்ணன் தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. கொடுத்த இனிப்பைத் தின்ன மட்டும் திறந்தார்.

இப்போது அவர்களுக்கு மாதம் மூன்று கல்யாணம் வருகிறது. ஆல்பம் இருபது நாளில் போய்விடுகிறது. டைல்ஸ் கடையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்; நன்றாக விற்கிறாராம். அவள் ஒன்பதாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.