மாமனாருக்கு ஏற்ற மதர்போர்டு

வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுக்கும் அந்த மனிதரைத் தெருவில் எல்லாரும் பிளான்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறைதான் ஆபீஸ். அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் ஒன்பது வருஷமாக ஒரே முழு வேகத்தில் ஓடியது. போனில் பேசுகிறவர்கள், மாவு மில்லிலா இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில், வீட்டோடு இருக்கும் மாமனார் தினமும் சாயங்காலம் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். மருமகனுக்கு ஒரு எழுத்தும் காதில் விழாது. உதடு அசைவது நின்றால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

மதர்போர்டு ஒருநாள் செத்துப்போனது. சனியன் ஒழிந்தது என்று கடைக்கு ஓடி, சூட்டைப் பார்த்துத் தானே ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டாக வாங்கிப் போட்டார். அறை கப்சிப் ஆனது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மாமனார் வந்து உட்கார்ந்தார். "உங்க மாமியார் போன அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தவர், தன் குரல் தன் காதிலேயே விழவும் திடுக்கிட்டு நிறுத்தினார். மணி என்ன என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கண்ணுக்கு நேரே சுவரில் அத்தனை பெரிய கடிகாரம்! மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் கூத்து. மடித்து அலமாரியில் வைத்த துணிகளெல்லாம் ஈரமாகக் கொடியில் தொங்கின. வாஷிங் மெஷின் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓடியது. பிளான்காரரின் மனைவி போய்ப் பார்த்தால், அவள் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறார். துணி பிழியும் சத்தம் உச்சத்துக்குப் போகும்போது கண் கலங்குகிறார்.

அவள் நேரே முன்னறைக்கு வந்தாள். "அப்பா மனசுல இருக்கறதை யார்கிட்டயும் சொல்ல மாட்டார். அந்தச் சத்தத்துல எதுவும் கேக்காதுன்னுதான் உங்ககிட்ட சொன்னார். அதையும் கெடுத்துட்டீங்களே" என்றாள்.

பிளான்காரருக்குச் சுருக்கென்றது. போர்டைச் சூடேற்றினால் ஃபேன் கத்துமே என்று, ஒரு மாடி வீடு கேட்டவருக்கு நாற்பது மாடி வரைந்து திரையில் சுழற்றிப் பார்த்தார். அது கத்த ஆரம்பிப்பதற்குள், வம்படியாகக் கூப்பிட்டு உட்கார வைத்த மாமனார் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுபடி கடைக்குப் போனார். ஃபேன் வேகத்தைக் கையால் ஏற்றி இறக்கும் வசதி வேண்டும், முழு வேகத்தில் நல்ல இரைச்சல் வரவேண்டும் என்றார். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், எல்லாரும் சத்தத்தைக் குறைக்கத்தான் கேப்பாங்க. ரொம்ப சூடாகுதா?"

"சூடெல்லாம் இல்லப்பா. மாமனார்."

கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் என்ன கஷ்டமோ. இவர் கையோடு கொண்டுபோன பழைய ஃபேனை மூன்று போர்டில் மாட்டிக் காட்டினார். இரண்டு, சூடு இல்லாமல் வேகம் கூட்டமாட்டேன் என்று அடம்பிடித்தன. மூன்றாவதில் திரையில் ஒரு புள்ளியைத் தள்ளியதும் கடையே அதிர்ந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஃபேன் வேகத்தை நூறில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சத்தம் கேட்டதும் மாமனார் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உதடு அசைந்தது. ஆசை யாரை விட்டது? பெரியவர் மனசில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இவர் மெதுவாக எண்பது, அறுபது என்று இறக்கினார்.

மாமனார் பேச்சை நிறுத்தினார். கோபமெல்லாம் இல்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஏத்துங்க. இப்பத்தான் விஷயத்துக்கே வரேன்."

பிளான்காரர் நூறுக்கு ஏற்றினார். மாமனார் சொல்லி முடிக்கும்வரை ஒரு கோடுகூடப் போடவில்லை.