ஒரு பீச் பழத்துக்கு மூன்று மணி நேரம்

டிரினோ ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற அர்மிடாவின் கழுத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் விசில் தொங்கும். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு. அன்று விடியுமுன் தேவாலய வாசலில் பேருந்து வந்து நிற்கும். நெல்வயல் கொசுக்களை அடித்துக்கொண்டே ஐம்பது பேர் ஏறுவார்கள். கடற்கரைக்குப் போய் நோலி ஊரில் பூசை, வரிகோட்டிக் கடற்கரை மணலில் சாப்பாடு, பிறகு குளியல், ஐந்து மணிக்குத் திரும்பல். இருபத்தாறு வருஷமாக அதை நடத்தியவள் அவள்தான். ஒருவரையும் வழியில் தொலைத்ததில்லை, ஒருவரையும் கடலுக்குக் கொடுத்ததில்லை.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழியாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சாப்பாடு செரிக்குமுன் இறங்கினால் வயிறு பிடித்து மூழ்கிப்போவாய் என்று அவரவர் அம்மா சொல்லி வளர்த்ததுதான். ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. ஆனால் அர்மிடாவைப் போல நிமிஷம் பிசகாமல் பார்த்தவர்களும் இல்லை. ஒருமுறை பாதிரியாரையே குளியல் உடையோடு நாற்பது நிமிஷம் மணலில் நிற்க வைத்தாள்.

அந்த வருஷம் தங்கை நீவெஸும் வந்தாள். ஏப்ரலில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. திறந்து பார்த்தோம், அப்படியே மூடிவிட்டோம் என்று மருத்துவர் அர்மிடாவை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார். அடுத்த கோடையைக் கணக்கில் வைக்க வேண்டாம் என்றார். நோயாளியிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. "நல்லா ஆறிட்டு வருதாம்" என்றாள் அர்மிடா. நீவெஸ் தலையாட்டினாள்.

பேருந்தில் ஏறியதும் நீவெஸ் பையைத் திறந்து காட்டினாள். நீல நிறத்தில் புதுக் குளியல் உடை.

"இந்தத் தடவை கழுத்து வரைக்கும் இறங்கப்போறேன்க்கா."

"இறங்கேன். யாரு வேண்டாம்னா?"

ஓட்டுநர் கௌதென்சியோ கண்ணாடி வழியாகப் பார்த்தார். "கழுத்துல விசிலை மாட்டிக்கிட்டு பேசுற பேச்சைப் பாரு."

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். நீவெஸ் இரண்டு கரண்டியோடு தட்டைத் தள்ளிவிட்டாள். பல மாதமாக அப்படித்தான். ஆனால் இரண்டரை மணி வாக்கில், கடல் காற்று பட்டதாலோ என்னவோ, பக்கத்து வீட்டு ஒர்தென்சியாவின் கூடையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கொட்டையைச் சப்பி எறியும்வரை ஓயவில்லை. அவள் தின்பதைப் பார்த்து அர்மிடாவுக்கு மனசு குளிர்ந்தது. மறுகணமே கண் கடிகாரத்துக்குப் போனது.

மூன்று மணிக்கு விசில் ஊதினாள். எல்லாரும் ஓடினார்கள். நீல உடையில் நீவெஸும் எழுந்தாள்.

"நீ உக்காரு."

"ஏன்க்கா?"

"பீச் பழம் தின்னியே."

"பழம்தானே."

"வயித்துக்குப் பழமென்ன, ரொட்டியென்ன? அஞ்சரை ஆகணும்."

"அஞ்சு மணிக்குத்தான் பஸ் கிளம்பிடுமே."

முழங்கால் தண்ணீரில் நின்ற ஒர்தென்சியா திரும்பினாள். "விடேன் அர்மிடா. ஒத்தைப் பழத்துக்கு என்ன பஞ்சாயத்து? என் பழம்தானே, பாவம் என்மேல இருக்கட்டும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'போ' என்ற ஒரு சொல் அர்மிடாவின் நாக்கு நுனிவரை வந்தது. இருபத்தாறு வருஷமாக யாருக்கும் தளர்த்தாததை இன்று தளர்த்தினால், ஏன் எனக்கு மட்டும், ஏன் இந்த வருஷம் என்று நீவெஸ் யோசிப்பாள். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். அடுத்த வருஷம் பழத்தைத் தொடாம இரு."

நீவெஸ் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டை விரித்து உட்கார்ந்தாள்.

"சரிக்கா. அடுத்த வருஷம். தண்ணி எப்படி இருக்குன்னாவது பாத்துச் சொல்லு."

அர்மிடா போய்க் குனிந்து கையை நனைத்துவிட்டு வந்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு. உனக்கொண்ணும் நஷ்டமில்ல."

நவம்பரில் நீவெஸ் இறந்தாள். மருத்துவமனையில் அவளுடைய துணிமணிகளைத் திரும்ப வாங்க அர்மிடா போனபோது நர்ஸ் சொன்னாள்: "அவங்களுக்கு ஏப்ரல்லயே தெரியும். எனக்குத் தெரியும்கிறது எங்கக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லிடாதீங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கினாங்க." வீட்டுக்கு வந்து அர்மிடா அலமாரியைத் திறந்தாள். நீல உடை மடித்தபடி இருந்தது. முகர்ந்து பார்த்தாள். உப்பு வாசனை இல்லை.

அடுத்த ஜூலையிலும் பேருந்து கிளம்பியது. நடத்த வேறு ஆளில்லை. வரிகோட்டியில் சாப்பாடு முடிந்ததும் அர்மிடா எழுந்து நின்றாள். அவள் கழுத்து வெறுமையாக இருந்தது.

"இனிமே விசில் கிடையாது. இஷ்டப்பட்டவங்க இப்பவே இறங்கலாம்."

ஒருவரும் அசையவில்லை. ஒர்தென்சியா கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பன்னெண்டரைதானே ஆகுது?"

"நம்மளை ஆழம் பாக்குறாங்க. யாரும் எந்திரிச்சிடாதீங்க" என்றார் கௌதென்சியோ. எல்லாரும் சிரித்துவிட்டுத் துண்டுகளில் சாய்ந்துகொண்டார்கள்.

அர்மிடா ஒர்தென்சியாவின் கூடையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்தாள். நின்றபடியே கொட்டை தெரியும்வரை தின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

"அர்மிடா, இப்பத்தானே பழம் தின்னே!" பின்னாலிருந்து ஒர்தென்சியாவின் குரல் வந்தது.

அவள் திரும்பவில்லை. பாவாடை நனைந்து கனத்தது. இடுப்பைத் தாண்டியதும் மிதந்தது. கழுத்து வரைக்கும் போனாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. போன வருஷமும் அப்படித்தான் இருந்தது.