சைக்கிள் கடைக்குப் பின்னால் அமெரிக்கா

சுதந்திரம் வந்த மறு வருஷம் நான் அரியலூர் தபாலாபீசில் தந்தி அடித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் பயிற்சி முடித்து வந்த புதிது. யாராவது ஒரு காகிதத்தில் வாசகம் எழுதி நீட்டினால், சொல்லுக்குச் சொல் காசு என்பதால் இதில் எந்தச் சொல்லை வெட்டலாம் என்றுதான் முதலில் கண் தேடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கடிதங்கள் வரவர இளைத்துப் போகின்றன என்று வரதராஜன்பேட்டையிலிருந்து அம்மா குறைப்பட்டு எழுதியிருந்தார்.

கடைத்தெருவில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அதன் பின்பக்கத்து அறையில் நான் குடியிருந்தேன். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் அந்தக் கடையை நடத்தினார்கள். அண்ணனை ஊரே பாய் என்றது; நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மனைவி எங்களுக்குப் பாய் வீட்டம்மா. அவருக்கு நான் தந்திம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக்கு ஒரு பெண் இங்கிலீஷ் படிக்க வந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சொந்த ஊர் கீழப்பழுவூர். அவளுடைய அம்மா பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அங்கிருந்த லேடி டாக்டர் என் அக்காவுடன் படித்தவர். அவர்தான் என்னிடம் அனுப்பினார்.

விஷயம் இதுதான். போன வருஷம் திருச்சியில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது இவளும் போயிருந்தாள். நேற்று வார்டில் என்னென்ன செய்தாய் என்று வெள்ளைக்கார மேட்ரன் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். இவள் எல்லாவற்றையும் இப்போது நடப்பதுபோலவே சொல்லியிருக்கிறாள். மருந்து கொடுக்கிறேன், காய்ச்சல் இருக்கிறது, தூங்குகிறாள். காலையில் கொடுத்த மருந்தை இப்போது கொடுப்பதாகச் சொன்னால், அடுத்து வருகிற நர்ஸ் என்ன செய்வாள்? திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் வயது கடந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க ஆயாதான்.

அவள் வருகிற பஸ் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ். வந்து இறங்கும்போது முகமெல்லாம் கரி படிந்திருக்கும்.

“மூக்கத் தொடச்சிக்க புள்ள. இஞ்சின் மேல ஏறி உக்காந்து வந்தியா?” என்பார் பாய் வீட்டம்மா.

“உள்ளதான் உக்காந்திருந்தேன். இஞ்சினும் உள்ளதான் இருக்கும்மா” என்பாள் அவள்.

எதையும் வகை பிரித்துக்கொண்டால்தான் எனக்கு வேலை ஓடும். வினைச்சொற்களை மூன்றாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினேன். அன்றாடம் வேண்டியவை, ஆஸ்பத்திரிக்கு வேண்டியவை, ஒரு ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் மாறுகிறவை. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே மூன்றையும் ஒப்பித்துவிட்டாள். நான் கோ என்றால் வென்ட் என்பாள், கிவ் என்றால் கேவ் என்பாள். ஸ்லீப் என்று வாயெடுப்பதற்குள் ஸ்லெப்ட் வந்துவிடும். இவளா தோற்றாள் என்று எனக்கே சந்தேகம்.

“சரி, இனிமே வாக்கியமா சொல்லு. மை மதர் லிவ்ட் இன் கீழப்பழுவூர்” என்றேன்.

அவள் ‘மை மதர்’ வரை வந்து நின்றுவிட்டாள். வாசற்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பாய் வீட்டம்மா நிமிர்ந்தார்.

“அப்படின்னா என்ன தந்திம்மா?”

“எங்கம்மா கீழப்பழுவூர்ல இருந்தாங்க.”

“ஏன், இப்ப இல்லையா?”

“இருக்காங்க. இது சும்மா பழக்கத்துக்கு.”

“சும்மாவா? உசிரோட இருக்கறவள இருந்தாங்கன்னு பெத்த புள்ள வாயால சொல்லலாமா? வேற ஏதாவது சொல்லிக் குடுங்க.”

அவரிடமே கேட்டுப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷனா இருந்தாரு. மை ஹஸ்பண்ட் வாஸ் எ குட் மேன்.”

“அல்லா காப்பாத்தணும்” என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “அவரு நல்ல மனுஷனா இல்லன்னு வேணா சொல்றேன். இருந்தாருன்னு சொல்ல மாட்டேன்.”

முன்பக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பாயின் குரல் வந்தது. “எதுக்கு என்னைய உள்ள இழுக்கறீங்க?”

நான் மாட்டுக்குப் போனேன். வீட்டில் இரண்டு பசு இருந்தது என்று சொல்லச் சொன்னேன். அதற்கும் அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். பசு இரண்டும் இருக்கிறதாம்; ஒன்று சினையாம்.

“ஒரு வார்த்தைதானே, அதுக்குள்ள என்ன இருக்கு?” என்றேன்.

“தெரியுதுக்கா. வாய்தான் வர மாட்டேங்குது” என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். “போன வருஷமும் இதேதான்க்கா. நாலாம் கட்டில்ல ஒரு அம்மா, பிரசவத்துக்கு அப்புறம் ஜன்னி வந்து கெடந்தாங்க. அவங்களப் பத்தித்தான் நான் சொல்லிக்கிட்டிருந்தேன். கண்ண முழிச்சிப் பாத்து, போயிட்டு வான்னு சொல்லித்தான் என்னைய அனுப்புனாங்க. அவங்களப் போயி வாஸ்னு சொல்லச் சொன்னா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது படிப்பில் இருந்த குறை இல்லை. படித்தால் தீரவும் தீராது. உயிரோடு இருப்பவர்கள் யாரையும் தொடாத வாக்கியங்கள் எனக்குத் தேவைப்பட்டன. அவளுக்கு வேண்டியவர்கள், தெரிந்தவர்கள், பார்த்தவர்கள் என்று யாரும் அதில் இருக்கக் கூடாது. அவர்களுடைய மாடுகளும் கூடாது.

பைபிளை எடுத்துப் பார்த்தேன். அந்த இங்கிலீஷைப் பேசினால் மேட்ரன் அவளை நேராகக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடுவார். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து பால் பவுடர் வந்த பெட்டிகளில் பழைய பள்ளிப் புத்தகங்களும் கொஞ்சம் வந்திருந்தன. அட்டை கிழிந்த ஒன்றைக் கொடுத்தார். அந்த நாட்டுச் சிறு பிள்ளைகளுக்காக எழுதியது. இந்த நூற்றாண்டில் அவர்கள் ஊரில் நடந்த கதை. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே நாலைந்து வரி. வரிகள் தந்தி மாதிரி சிக்கனமாக இருந்தன. எல்லாம் நடந்து முடிந்தவை. அதில் வருகிற யாரையும் அரியலூரில் ஒருவருக்கும் தெரியாது.

முதல் படம் பறக்கும் இயந்திரம். அண்ணன் தம்பி இருவர் அதைச் செய்தார்கள், கடற்கரையில் பறக்கவிட்டார்கள் என்று அவள் வாசித்தாள். மேட், ஃப்ளூ. வாய் தடங்கவேயில்லை. அவர்கள் அதற்கு முன்னால் என்ன தொழில் செய்தார்கள் என்பது அடுத்த வரியில் இருந்தது. நான் தமிழில் சொன்னேன்.

“சைக்கிள் கடையா?” என்றார் பாய் வீட்டம்மா. கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “கேட்டீங்களா? அங்க சைக்கிள் கடை வச்சிருந்த அண்ணன் தம்பிதான் ஏரோப்ளேன் செஞ்சாங்களாம். நம்ம வூட்லயும் ரெண்டு பேரு இருக்கீங்க. ஒரு பஞ்சரு ஒட்டி முடிக்கறதுக்குள்ள தொழுகை நேரம் வந்துடுது.”

“அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சான்னு கேளு” என்றார் பாய்.

புத்தகத்தில் அது இல்லை. பின்னால் விசாரித்தபோது இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சாமியார் சொன்னார். அதைப் பாயிடம் சொன்ன அன்று அவர் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பாட நேரத்தில் காற்றடிக்கும் பம்ப் சத்தம் கேட்காது. வாடகை சைக்கிளுக்கு வந்தவர்களையும் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மதுக்கடைகளை மூடிய பாடம் வந்தபோது எங்கள் பக்கமும் கள்ளுக்கடைகள் மூடிய நேரம். அவர்கள் மூடினார்கள், ஜனங்கள் ஒளிந்து குடித்தார்கள், பிறகு திறந்துவிட்டார்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றார் பாய்.

“எங்க ஊர்ல ரெண்டாவது வாக்கியம் நடந்துக்கிட்டிருக்கு” என்றாள் அவள்.

மழை பொய்த்து, உழுத மண் காற்றில் பறந்து, வானமே இருண்டுபோன பக்கம் ஒன்று உண்டு. படத்தில் ஒரு பழைய மோட்டார் காரின் தலையில் கட்டில், அண்டா, நாற்காலி எல்லாம் கட்டியிருந்தது. இதைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். புத்தகத்தில் இல்லாத வாக்கியம் ஒன்றை முதல் தடவையாகத் தானே சொன்னாள். “தே கேரீட் த பெட்.” கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“கட்டில் இருக்கறவங்க” என்றாள் என்னிடம். “போன எடத்துல கூலி கெடைச்சுதாக்கா?”

சிலருக்குக் கிடைத்தது என்றேன்.

அமெரிக்காவைச் சொல்லச் சொன்னால் மளமளவென்று சொல்கிறாள். ஆனால் மேட்ரன் அமெரிக்காவைக் கேட்கப் போவதில்லை. திருச்சிக்குப் போக நாள் நெருங்கியது. ஒரு ஞாயிறு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நேத்து வார்டுல என்ன நடந்துச்சு?” என்றேன். பழையபடி வாய் கட்டிக்கொண்டது. இரண்டாம் கட்டிலில் ஒரு கிழவி, ஆறாம் கட்டிலில் கால் ஒடிந்த பெண். இரண்டு பேருமே இருக்கிறார்கள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அந்த ஊர்க்காரங்களுக்கே நர்ஸா போயிடறேன்க்கா” என்று அழுகையோடு சிரித்தாள்.

பாய் வீட்டம்மா கொழுந்தன் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். “ஏன் புள்ள, இவனுக்குப் போன வாரம் காய்ச்சல் அடிச்சுதே, நீ கேட்டப்ப நான் என்ன சொன்னேன்?”

“காய்ச்சலா இருந்துச்சு, இப்ப நல்லாருக்கான்னு சொன்னீங்க.”

“அதேதான். இருந்துச்சுன்னு சொல்லிட்டு அப்படியே விட்டாத்தானே பயம்? பின்னாலயே நல்லாருக்காங்கன்னு ஒண்ணு சொல்லிடு. அல்லாவும் கேட்டுக்குவான், பரீட்சைக்காரங்களும் கேட்டுக்குவாங்க.”

எனக்குச் சம்மதமில்லை. “கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? வாக்கியத்துக்கு வாக்கியம் வேண்டாத வார்த்தையா வந்து நிக்கும்” என்றேன்.

“தந்திம்மா, நீங்க இந்த வார்த்தைய எல்லாம் வெட்டி வெட்டித்தான் தந்தியப் பாத்தாலே ஊர்ல ஒப்பாரி வைக்கிறாங்க” என்றார்.

அவள் அதற்குள் மெதுவாக ஆரம்பித்துவிட்டாள். கிழவிக்குக் காய்ச்சல் இருந்தது. நான் மருந்து கொடுத்தேன். தூங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முடித்தாள். “ஷீ இஸ் வெல்.” நன்றாக இருக்கிறாள்.

வழி திறந்துகொண்டது. ஆறாம் கட்டில், எட்டாம் கட்டில், லேடி டாக்டர், அம்மா, சினைப்பசு, எல்லோரும் நேற்று ஏதோ செய்தார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கடைசியில் அது நிற்காமல் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. அண்ணன் தம்பி இயந்திரம் செய்தார்கள், அது பறந்தது, அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றாள்.

“இல்ல. மூத்தவர் எப்பவோ போயிட்டார். இளையவரும் இந்த வருஷம்தான். பேப்பர்ல பாத்தேன்” என்றேன்.

கடைப் பக்கமிருந்து பாய் துக்கத்துக்குச் சொல்லும் வார்த்தையை முணுமுணுப்பது கேட்டது. பிறகு, “அந்த ஏரோப்ளேனாவது நல்லாருக்கா?” என்றார்.

“இருக்கு. பத்திரமா வச்சிருக்காங்க.”

“அப்ப அதச் சொல்லும்மா.”

“த மெஷின் இஸ் வெல்” என்றாள் அவள்.

திருச்சியில் நடந்ததை அவள் வந்து சொன்னது இப்படி. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அதே துரைசானி மேட்ரன். அதே கேள்வி. இவள் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நோயாளியும் முடியும்போது, நன்றாக இருக்கிறாள். மேட்ரன் பேனாவை வைத்துவிட்டு, ஏன் இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய் என்று கேட்டார்.

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“அவங்கள்லாம் இன்னும் கட்டில்லதான் இருக்காங்க, நான் திரும்பிப் போயிப் பாக்கணும்னு சொன்னேன். இங்கிலீஷ்லதான்க்கா.”

“அதுக்கு அவங்க?”

“எழுதிக்கிட்டாங்க. படிக்கிறது என்னன்னு கேட்டாங்க. கட்டிலத் தூக்கிக்கிட்டுப் போன கதையச் சொன்னேன். கடைசில அவங்களும் நல்லாருக்காங்களான்னு கேட்டு மேட்ரன் சிரிச்சாங்க. சிலரு நல்லாருக்காங்கன்னு சொன்னேன்.”

முடிவு லேடி டாக்டருக்குத்தான் வரும். வந்தால் எனக்குத் தந்தி கொடுக்கச் சொல்லியிருப்பதாகவும், நான் அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். “எங்கம்மா பேருக்கு அனுப்புனா, காக்கிச் சட்டையக் கண்டதுமே நான் செத்துட்டேன்னு மாரடிச்சிக்கும்.”

ஒரு புதன்கிழமை பகலில் தந்திக் கம்பியில் பெரம்பலூர் என்னைக் கூப்பிட்டது. காதால் கேட்டுக் கையால் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள், தாயாருக்குச் சொல்லவும். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். தந்திப் பயிற்சி பெற்ற எவரும் அங்கேதான் முடிப்பார். ஆனால் புள்ளியும் கோடும் மறுபடி வந்தன. ஷீ இஸ் வெல். மூன்று சொல். எழுதினேன். வெட்டலாமே என்று தோன்றவில்லை.

எனக்கு மாலை வரை வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது கடையில் சொன்னேன். கீழப்பழுவூருக்கு யாரை அனுப்பலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பாய் வாடகைக்கு விடாமல் வைத்திருந்த நல்ல சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார்.

“போனதும் மொதல்ல என்ன சொல்லணும்னு தெரியுமா?” என்றார் பாய் வீட்டம்மா.

“ஞாயித்துக்கெழம தவறாம நானும்தான் படிச்சேன்” என்று ஏறி மிதித்துவிட்டார்.

நான் வேலை முடிந்து திரும்பிக் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. சைக்கிளில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் தொங்கியது. பாய் வீட்டம்மாவும் நானும் வாசலில் நின்றோம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐ வென்ட்” என்றார். “ஐ டோல்டு. ஷீ க்ரைடு.”

பாய் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, அவசரப்படாமல் முடித்தார்.

“ஷீ இஸ் வெல்.”