இருபத்து மூன்றாம் அத்தியாயம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஒற்று விட்டுப்போகும், எழுத்தும் மாறும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் மனைவியும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு ஆட்களோடு பேச வராது. வேலை விட்டு வந்தால் கதை படிப்பதுதான். அவளும் அப்படியே. மெட்ராஸ் வார இதழ்கள் கப்பலில், மூன்று வாரம் பிந்தி வரும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அவள் கிழித்து வைப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மாவுப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டையை ஒட்டிப் புத்தகமாக்குவாள். பக்கத்துக்குப் பின்னால் பாதி நகைச்சுவைத் துணுக்கோ தைல விளம்பரமோ இருக்கும். மறு பாதி குப்பைக்குப் போயிருக்கும்.

ஒரு தொடரில் இருபத்து மூன்றாம் அத்தியாயம் வந்த இதழ் மட்டும் கிடைக்கவில்லை.

"அந்தக் கட்டே வரல அண்ணே. கப்பல நான் போயி இழுத்துட்டு வர முடியுமா லா?" என்றார் கடைக்காரர்.

முந்தைய வாரம் கதாநாயகனின் தங்கை, அண்ணனோடு சண்டை போட்டு மழையில் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அடுத்த வாரத்தில் அவளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா அவளுடைய தாவணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள், அவ்வளவுதான்.

"செத்துட்டா போல," என்றேன்.

"உங்க வாயில நல்லதே வராதா? அவ ஏன் சாகணும்? நானே எழுதுறேன் பாருங்க," என்றாள் மனைவி.

"பாசார் சாமான் லிஸ்டையே மூணு தடவ திருத்துவ. நீ கத எழுதப் போறியா?"

எழுதினாள். நோட்டுத் தாள் நான்கு, நீலப் பேனா. அவள் கதையில் தங்கை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிடுகிறாள். இங்கே வந்து இறங்கி, கிள்ளானில் ஒரு தையல் கடையில் சேர்கிறாள். வீட்டுக்குக் கடிதம் போடவில்லை. அதனால்தான் அங்கே யாரும் பேசவில்லையாம். அந்த நான்கு தாளையும் இருபத்து மூன்றின் இடத்தில் வைத்துத் தைத்தாள். பிறகு நாங்கள் கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம், பஸ் நிலையத்தில் ஒல்லியான பெண் யாரையாவது காட்டி, "அவளேதான். கூப்பிடட்டுமா?" என்பாள்.

எண்பத்தைந்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நோட்டுத் தாள் வரும் இடத்தில் நான் தடுக்கி நின்றதில்லை. என் மனதில் அது கதையோடு கதையாகிவிட்டது. பிறகு வெள்ளெழுத்து வந்து, படிப்பதே நின்றது.

இந்த வருடம் வேலை ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து செந்தூல் பிளாட்டுக்குப் போகவேண்டும். பங்சாரில் ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகன், கம்ப்யூட்டரில் ஒரு சிடியைப் போட்டுக் காட்டினான்.

"இருநூறு நாவல் இதுக்குள்ள இருக்குப்பா. கரப்பான் பூச்சிக்கு எதுக்கு இவ்வளவு தீனி?"

பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அந்தத் தொடரின் பெயரும் இருந்தது. இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். பட்டியலில் பெயர் இருந்த தைத்த புத்தகங்களையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர் லோரியில் நானே தூக்கி வைத்தேன்.

பிளாட்டில் அந்தத் தொடரைக் கம்ப்யூட்டரில் திறந்து படித்தேன். கட்டைவிரல் அளவு எழுத்து. கண் வலிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்துப் படிக்க முடிகிறதே என்று சந்தோஷமாகவே இருந்தது. இருபத்து மூன்றாம் அத்தியாயம் வந்தது. விடிந்ததும் தங்கை கிணற்றில் மிதக்கிறாள்.

மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"கப்பல் எங்கடா?"

"எந்தக் கப்பல்ப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி எழுதிய சாமான் லிஸ்டுகளை என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டோம். அவள் கையால் எழுதியதென்று மிஞ்சியிருந்தது அந்த நான்கு தாள்தான்.

மறுநாள் காலை செலாயாங்கில் இருந்த பேப்பர் கிடங்குக்குப் போனேன். சீன முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வெறும் சிமெண்டுத் தரையைக் காட்டி, "ஹாபிஸ், அங்கிள்," என்றார். எல்லாம் தீர்ந்து ஆலைக்குப் போய்விட்டதாம்.

இப்போது கண்ணை மூடி அவள் வரிகளை நினைத்தால் கிணறுதான் வருகிறது. போன வாரம் கிள்ளான் பஸ் நிலையத்தில் ஒரு ஒல்லியான பெண் எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் தலைமுடி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஞாபகம் இருக்குறதச் சொல்லுங்கப்பா, டைப் பண்ணி வச்சிடலாம்," என்கிறான் மகன். அவன் மேல் தப்பில்லை. ஆனால் அவள் எழுதியபடியே எனக்கு வருவது இரண்டு வரிதான்: 'அவள் கப்பலை விட்டு இறங்கினபோது நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.' தையல் கடையில் அவளிடம் என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் போய்விட்டது. இந்த இரண்டு வரியும் போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

22 ஆகஸ்ட் 1999, ஞாயிறு.