ஆட்டோவில் ஒரு ஞானஸ்நானம்

பயந்த சுபாவம் என்று என்னை யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். மகள் பிறந்த பிறகு அது முற்றிவிட்டது. தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். விரல் பட்டு அவள் விழித்து அழுவாள். என் மனைவிக்கு என்னைத் திட்ட அன்றைய காரணம் கிடைத்துவிடும்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான், இப்போது கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறேன். குடியிருப்பது மேட்டுப் பாதையோரம் ஒரு வாடகை அனெக்ஸில். திங்கள் முதல் சனி வரை ஆணியும் பெயின்டும்தான் வாழ்க்கை. ஞாயிறு காலையில் மட்டும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான வகுப்பு. மெய்யியலும், தர்க்கம் சொல்லித்தரும் அளவையியலும் படிக்கிறேன். படித்து முடித்தால் சிமெந்து விலை குறையுமா என்று முதலாளி கேட்பார். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என் தலை எனக்குச் சொந்தமாக இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சிக்கல் அங்கேதான் வந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் தாயும் தகப்பனும் கோயிலில் ஆயத்த வகுப்புக்குப் போக வேண்டும். அதுவும் ஞாயிறு காலையில்தான். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சையோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், கதிரையைப் பிடித்து எழும்பி நின்றாள். கோயிலில் மற்றவர்களுடைய குழந்தைகளின் தலையில் ஃபாதர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் மகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அப்படியும் என் வகுப்பை விட மனம் வரவில்லை.

கண்டியில் பெரஹர ஊர்வலம் நடக்கும் காலம். ஒரு பிற்பகல் மனைவி போனில் கடைக்குக் கோல் எடுத்தாள். காலையில் பிள்ளைக்குத் தொடங்கிய காய்ச்சல் பாணி மருந்துக்கு அடங்கவில்லை என்றாள். பில் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். டவுனுக்குள் வந்தால் பொலிஸ் வீதியை மூடியிருந்தது. ஓரமெல்லாம் ஜனங்கள் பாய் விரித்து இடம் பிடித்திருந்தார்கள். டிரைவர் ஒரு குறுக்குப் பாதையில் திருப்பினார். அங்கேயும் முன்னும் பின்னும் வாகனங்கள், அசைய வழியில்லை.

அங்கேதான் அவள் உடம்பு விறைத்தது. கண்கள் மேலே செருகின. கை கால் வெட்டி இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "பயவெண்ட எபா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று சொன்ன அவருடைய குரலே நடுங்கியது. இறங்கிப் போய் முன்னால் நின்ற வாகனங்களை ஒதுக்கச் சொல்லிக் கத்தினார்.

சாகக் கிடக்கிற பிள்ளைக்குக் குருவானவர் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். என் மனைவிக்கும் அது தெரியும். பையிலிருந்து பிள்ளையின் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தண்ணிய ஊத்துங்க. பிள்ள சும்மா போயிரக் கூடாது."

எனக்குக் கை வரவில்லை. ஊற்றினால் அவள் சாகப்போகிறாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. ஊற்றாவிட்டால், என் படிப்புக்காகத் தள்ளிப்போட்டது ஒரேயடியாகத் தள்ளிப்போய்விடும். நெற்றியில் ஊற்றினேன். ஏதோ சொன்னேன். தண்ணீர் அவள் காதோரம் வழிந்து மனைவியின் மடியை நனைத்தது. அதற்குள் வாகனங்கள் விலகின.

ஆஸ்பத்திரியில் யாரும் பதறவில்லை. காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி வலிப்பு வரும், நின்றுவிடும் என்றார் டொக்டர். நின்றும்விட்டது. சில நாளில் மகள் பழையபடி கதிரையைப் பிடித்து நின்றாள். நான் ஆட்டோவிலேயே ஞானஸ்நானம் கொடுத்த கதையை மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் கோல் எடுத்துச் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கோயில் பதிவில் எழுதுவதற்காகப் பங்குத் தந்தையிடம் போனோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன வார்த்தை சொன்னனீங்கள்? அப்பிடியே சொல்லுங்கோ."

எனக்கு நினைவு வரவில்லை. யோசிக்க யோசிக்க அந்த நீல உதடுதான் வந்தது. மனைவி முந்திக்கொண்டாள்.

"பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென்னு தெளிவா சொன்னாரு ஃபாதர்."

அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது சிலுவை அடையாளம் போடும்போது சொல்வது. சாப்பிடும் முன், பஸ் ஏறும்போது, பரீட்சைத் தாளைத் திருப்பும்போது வாய் தானாகச் சொல்வது. 'நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்ற வார்த்தை இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் ஆமெனும் கிடையாது. பயத்தில் என் வாய் பழகின தடத்திலேயே ஓடியிருக்கிறது. நான் செய்தது பிள்ளையின் தலையை நனைத்தது மட்டும்தான்.

ஃபாதர் கோபிக்கவில்லை. கடவுளுக்கு உங்கள் மனம் தெரியும், ஆனாலும் நான் முறைப்படி கொடுக்க வேண்டும் என்றார். மனைவி தலையாட்டினாள். மேட்டில் ஏறி வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு அவ போயிருந்தா?"

 என் அளவையியலில் அதற்குப் பதில் இல்லை.  அவள் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் நான் பட்டப்படிப்பு வகுப்புக்குப் போகவில்லை, கோயில் வகுப்புக்குப் போனேன். மகளுக்கு ஞானஸ்நானம் ஆனது. ஃபாதர் ஊற்றிய தண்ணீருக்கு அவள் கோயிலே அதிரும்படி அழுதாள். அந்த அழுகை எனக்கு நன்றாக இருந்தது.

இப்போது மனைவி மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள். படிப்பை நான் விட்டுவிடவில்லை. கடைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே பாடக்குறிப்புகளை முணுமுணுப்பது என் வழக்கம். ஆனால் அதற்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுக்கும் அந்த ஒரு வரியை முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஆமென் வருவதற்குள் வாயை மூடப் பழகுகிறேன்.